நோர்வே கரையோரக் கப்பல்: எங்கள் ஊர்க்காரர் விடும் பிழைகள்

நோர்வேயில் பிள்ளைகள் இருக்கும் வீடு திருகோணமலையில் எங்கள் உப்புவெளி ஒழுங்கையிலேயே மூன்று உண்டு. பிள்ளைகளுக்கு ஒரு நல்ல வேலை கிடைத்ததும் அம்மா அப்பாவைக் கூப்பிட்டுக் கப்பலில் ஏற்றிவிடுகிறார்கள். பேர்கனில் புறப்பட்டு, ரஷ்ய எல்லைக்குப் பக்கத்திலுள்ள கிர்க்கனெஸ் வரை போய்த் திரும்பும் கப்பல். வழியில் 34 துறைகள், போய்வர 12 நாள். நாங்கள் போய்வந்த பிறகு, போகப்போகிறவர்கள் எங்கள் வீட்டு விறாந்தையில் வந்திருந்து கேட்பது ஒரே கேள்விதான்: குளிர் எப்படி? குளிருக்கு உடுப்பு வாங்கலாம். எங்கள் ஆட்கள் பிழை விடுவது நேரத்தில்.

முதலில் அது எந்த மாதிரிக் கப்பல் என்று தெரிந்துகொள்ள வேண்டும். 1893 ஜூலையில் தபாலும் சரக்கும் ஏற்றத் தொடங்கிய சேவை அது. இன்றைக்கும் ஒரு துறையில் ஊர்ச் சனம் ஏறும், அடுத்த துறையில் இறங்கும், பெட்டிகள் இறங்கும். பாலங்கள் வருவதற்கு முன் மூதூர் லாஞ்சில் போய்வந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். சொன்ன நேரத்துக்குக் கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

காலத்தைப் பிழையாகத் தெரிவுசெய்வதுதான் பெரிய சேதம். நிலாவெளியில் அறை வாடகைக்கு விடுபவர்களுக்கும் புறாத்தீவுக்குப் படகு ஓட்டுபவர்களுக்கும் மே தொடக்கம் செப்டெம்பர் வரை சீசன். அது முடிந்து, வாடைக்காற்று தொடங்கி இங்கே கடல் கொந்தளிக்கும்போதுதான் அவர்களுக்குக் கை ஓய்கிறது. எனவே நவம்பர் கடைசி, டிசம்பர் என்று ரிக்கற் போடுகிறார்கள். வட நோர்வேயிலுள்ள ட்ரொம்சோ நகருக்கு வடக்கே அந்த நாட்களிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் எழும்புவதே இல்லை. நடுப்பகலில் சில மணித்தியாலம் நீல மங்கல், பிறகு இருட்டு. மலை பார்க்கப் போனவர் யன்னல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். வானத்தில் பச்சை ஒளி ஆடுவதைப் பார்க்கவென்றால் சரி, அதற்கு அந்த இருட்டு வேண்டும்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. ஜூனில் போய் அந்த ஒளியைத் தேடுவது. மே நடுப்பகுதி தொடக்கம் ஜூலை கடைசி வரை வடகோடி முனையான நோர்த் கேப்பில் சூரியன் மறையாது; வெளிச்ச வானத்தில் அது கண்ணில் படாது. நள்ளிரவுச் சூரியனும் பச்சை ஒளியும் ஒரே பயணத்தில் வேண்டும் என்று மகனோடு சண்டை பிடிக்காதீர்கள். என்னைக் கேட்டால் செப்டெம்பர் பிற்பாதி. பகலும் இருக்கும், இரவும் இருட்டும், நிலாவெளியிலும் ஆட்கள் குறையும் நேரம்.

விசா விஷயத்தில் ஒன்றே ஒன்று. சில கப்பல்கள் இன்னும் வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் போகின்றன. அது நோர்வேயின் மண்தான், ஆனால் ஷெங்கன் எல்லைக்குள், அதாவது ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்குள், இல்லை. ஒருமுறை நுழையும் விசாவோடு அங்கே போனால், திரும்பி நோர்வேக்குள் வரும்போது அந்த ஒருமுறை ஏற்கெனவே முடிந்திருக்கும். இருமுறை நுழையும் விசாவே கேளுங்கள். இங்கிலாந்தில் புறப்படும் கப்பல் என்றால் பிரித்தானிய விசா வேறு.

காசு மிச்சம் பிடிக்க, வடக்கே போகும் பாதிக்கு மட்டும் ரிக்கற் எடுத்துவிட்டுக் கிர்க்கனெஸில் விமானம் ஏறுபவர்கள் பலர். அதில் தவறில்லை. ஆனால் போகும்போது இரவில் கடக்கும் இடங்களைத்தான் திரும்பும்போது பகலில் பார்க்கலாம். ஹார்ஸ்டாட், சோர்ட்லான்ட் பக்கத்துத் தீவுகளும் ஏழு சகோதரிகள் என்னும் மலைத்தொடரும் அப்படித்தான். (கன்னியாவில் எங்களுக்கு ஏழு கிணறு, அவர்களுக்கு ஏழு மலை.)

இனிக் கரையிறங்கும் கதை. பூடோ என்ற ஊரில் கப்பல் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நிற்கும். அங்கிருந்து சுமார் 30 கிலோமீற்றரில் சால்ஸ்ட்ரோமென். கடல் ஏறி வற்றுவதால், 150 மீற்றர் அகலமான ஒரு தொண்டைக்குள்ளால் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை 40 கோடி கன மீற்றர் கடல் தண்ணீர் பாய்ந்து சுழிக்கும் இடம். அங்கே கூட்டிப்போகக் கப்பல்காரர் சொன்ன விலையைக் கேட்டு மனைவி, "வேண்டாமப்பா, ரக்சியில் போவோம்" என்றாள். போனோம். தண்ணீர் எங்கள் உட்துறைமுகம் மாதிரி அலுங்காமல் கிடந்தது. தூண்டில் போட்டுக்கொண்டு நின்ற ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இரண்டு விரலைக் காட்டினார்: இன்னும் இரண்டு மணித்தியாலம். அதற்குள் எங்கள் கப்பல் போய்விடும். ரக்சியில் மீற்றர் ஓடியது, தண்ணீர் ஓடவில்லை. திருகோணமலையில் கடல் ஏறுவதும் வற்றுவதும் ஒரு மீற்றர்கூட இல்லை. அதைக் கணக்கெடுக்கும் பழக்கமே எனக்கு இருக்கவில்லை. திரும்பிவந்து ஏறியபோது ஏணியை எடுக்கப் பத்து நிமிடம் இருந்தது. மனைவி இரவுச் சாப்பாடு வரைக்கும் பேசவில்லை.

அதன் பிறகு எங்கள் கணக்கு இப்படி ஆனது. ஊருக்குள் நடந்து பார்க்கக்கூடியதென்றால், ட்ரொன்ட்ஹைமில் நீதாரோஸ் பேராலயம் மாதிரி, நாங்களே போவோம். நோர்த் கேப் மாதிரித் தூரமென்றால், ஹொனிங்ஸ்வோக் துறையிலிருந்து 34 கிலோமீற்றர், கப்பலோடு சேர்ந்த பஸ்ஸிலேதான். பஸ் பிந்தினால் அது கப்பல்காரரின் தலையிடி. ரக்சி பிந்தினால் என்னுடையது.

உடுப்பைப் பற்றிக் கேட்டே தீருவீர்கள்: உள்ளே கம்பளி, வெளியே காற்றுப் புகாத அங்கி. பருத்தி நனைந்தால் காயாது.

இன்னுமொன்று, உறவுக்காரர். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் எங்கள் ஆட்கள் பலர் வடகோடி ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள்; சிலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். "இந்த வழியால் வருகிறீர்கள், வீட்டுக்கு வராமல் போவீர்களோ?" என்பார்கள். வருகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அந்தச் சின்னத் துறைகளில் கப்பல் கால் மணி, மிஞ்சினால் அரை மணி நிற்கும், அதுவும் சில இடத்தில் நடுச்சாமத்தில். நேர அட்டவணையை முன்கூட்டியே அனுப்பி அவர்களைத் துறைக்கு வரச்சொல்லுங்கள். எங்களுக்கு மனைவியின் சித்தப்பா மகன் வந்தான். ஏணியடியில் நின்று ஐந்து நிமிடம் ஊர்க்கதை, கையில் ஒரு பார்சல். கப்பல் ஊதியபிறகு மேல்தளத்தில் பிரித்துப் பார்த்தோம்: இடியப்பம், சொதி, சூடு ஆறாத மீன் பொரியல்.