டிரேடு கேட்கும் பிளேயரை நம் கிளப் எடுக்கலாமா? அக்டோபருக்கு முன்பே போட்டுவைக்க வேண்டிய கணக்கு

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் ஏ.எஃப்.எல். (ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக்) செய்திகளில் பாதி ஆட்டத்தைப் பற்றியே இருக்காது. இன்னார் தன் கிளப்பிடம் டிரேடு கேட்டுவிட்டார், இன்னாரின் மேனேஜர் வேறு கிளப்புகளோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்றே ஓடும். அதில் நம் கிளப்பின் பெயரும் அடிபட்டால் கேட்கவே வேண்டாம், ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. "நல்ல பிளேயர்தானே, எடுத்தால் என்ன?" என்பார்கள். என்னைக் கேட்டால், நல்ல பிளேயரா என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

என் கிளப் எது என்று இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் மெல்பர்னில் பாதிப் பேர் இத்தோடு படிப்பதை நிறுத்திவிடுவார்கள். நான் வேலை பார்ப்பது ஒரு நிறுவனத்தின் சம்பளப் பிரிவில். அதனால் யார் பெயர் வந்தாலும் ஒப்பந்தம் எதுவரை, தொகை எவ்வளவு என்றுதான் கண் முதலில் போகும். அந்தப் புத்தியோடு எழுதியது இது.

ஃபூட்டி என்ற இந்த ஆஸ்திரேலிய ஃபுட்பாலுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு வரி. ஐரோப்பிய சாக்கரில் நடப்பதுபோல ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்குப் பணம் கட்டி ஆளை வாங்க இங்கே வழியில்லை. பிளேயருக்குப் பதில் பிளேயர், அல்லது டிராஃப்ட் பிக், அதாவது புதிய இளம் பிளேயர்களைக் கிளப்புகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஒரு வாய்ப்பு. டிராஃப்டில் பட்டியலின் அடியில் முடித்த கிளப்புக்கு முதல் வாய்ப்பு என்பதால், முதல் சுற்று பிக் என்பது கைக்காசு மாதிரி. 18 கிளப்புகளுக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. கிராண்ட் ஃபைனல் முடிந்ததும் அக்டோபரில் டிரேடு பீரியட், நவம்பரில் டிராஃப்ட். பிளேயர் சம்மதிக்காமல் அவரை எங்கேயும் தள்ளிவிட முடியாது. அதனால்தான் அவரே ஒரு கிளப்பைப் பெயர் சொல்லிக் கேட்கிறார். அதற்கப்புறம் இரண்டு கிளப்புகளும் விலை பேசி முடிக்க வேண்டும்.

முதலில் ஒப்பந்தம்

விலையை முடிவு செய்வது திறமை அல்ல, ஒப்பந்தம். ஒரே பிளேயர், ஒரே ஃபார்ம். ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருடம் இருந்தால் ஒரு விலை, முடிந்திருந்தால் வேறு விலை, ஃப்ரீ ஏஜென்ட் (ஒப்பந்தம் முடிந்து, டிரேடு இல்லாமலே வேறு கிளப்புக்குப் போகும் உரிமை பெற்றவர்) ஆகிவிட்டால் நீங்கள் பிக் எதையும் இழக்கவே வேண்டியதில்லை.

ஜோ டானிஹரைப் பாருங்கள். 2019 கடைசியில் எசண்டனிடம் சிட்னிக்குப் போகக் கேட்டார். ஒப்பந்தம் பாக்கி இருந்தது, எசண்டன் விடவில்லை. அடுத்த வருடம் ஃப்ரீ ஏஜென்டாக பிரிஸ்பேனுக்குப் போனார். பிரிஸ்பேன் கையிலிருந்து ஒரு பிக் கூடப் போகவில்லை. எசண்டனுக்கு ஈடாகக் கிடைத்த பிக்கை லீக்தான் கொடுத்தது. 2024இல் பிரிஸ்பேன் கோப்பை வாங்கியபோது டானிஹர் அந்த அணியில் இருந்தார். சிட்னி பெரிய விலை கொடுக்கத் தயாராக நின்ற ஆளை, ஒரு வருடம் கழித்து வந்த கிளப் சம்பளத்தை மட்டும் கொடுத்துக் கூட்டிப்போனது.

இதன் மறுபக்கமும் உண்டு. ஃப்ரீ ஏஜென்ட் என்றாலே இலவசம் என்று நினைக்கக் கூடாது. 'ரிஸ்ட்ரிக்டட்' வகை என்றால் பழைய கிளப் அதே சம்பளத்தைத் தானும் தருவதாகச் சொல்லி மறிக்கலாம். ஜெரமி கேமரன் 2020இல் ஜிலாங்குக்குப் போனபோது அவருடைய பழைய கிளப் ஜி.டபிள்யூ.எஸ். அப்படித்தான் மறித்தது. கடைசியில் ஜிலாங் 3 முதல் சுற்று பிக்குகளைக் கொடுத்துத்தான் முடித்தது. (2022 கோப்பைக்குப் பிறகு ஜிலாங்கில் அதைப் பற்றி யாரும் முணுமுணுத்ததாகத் தெரியவில்லை.)

ஒப்பந்தம் முடிந்தும் ஃப்ரீ ஏஜென்ட் ஆகாத ஆள் என்றால் பிடி உங்கள் கையில்தான் அதிகம். பேச்சு முறிந்தால் அவர் டிராஃப்டுக்குள் போய்விடலாம், பழைய கிளப்புக்கு ஒன்றும் மிஞ்சாது. 2019இல் ஜாக் மார்ட்டின் விஷயத்தில் கோல்ட் கோஸ்டும் கார்ல்டனும் ஒத்துப்போகவில்லை. மார்ட்டின் ப்ரீ-சீசன் டிராஃப்ட் வழியாகக் கார்ல்டன் போய்ச் சேர்ந்தார். 2009இல் லூக் பால் செயின்ட் கில்டாவிலிருந்து காலிங்வுட் போனதும் டிராஃப்ட் வழியாகத்தான். மறு வருடமே கோப்பை, அதுவும் கிராண்ட் ஃபைனலில் செயின்ட் கில்டாவையே வீழ்த்தி.

ஒப்பந்தத்தில் இருக்கும் கேப்டனைக் கேட்டுப் போவது மிகக் கடினம். 2025இல் ஸாக் மெரட் எசண்டனிடம் ஹாதார்ன் போக வேண்டும் என்றார். கடைசி நாள் வரை இழுத்தார்கள், எசண்டன் விடவில்லை.

ஏன் கிளம்புகிறார்?

செய்தியில் வரும் காரணம் பெரும்பாலும் "புதிய சவால்" என்றுதான் இருக்கும். அதை ஒதுக்கிவிடுங்கள். உண்மையான காரணங்கள் நாலைந்துதான்: ஊருக்குத் திரும்ப ஆசை, தன் இடத்தில் வேறொருவர், சம்பளம், கோச்சோடு ஒத்துப்போகாமை, கோப்பை வாங்க அவசரம்.

ஊருக்குத் திரும்புகிறவர் உங்கள் ஊர்க்காரர் என்றால் எனக்கு அதிகம் தயக்கம் கிடையாது. ஜிலாங் பக்கத்து மாக்ஸ் க்ரீக்கைச் சேர்ந்த பேட்ரிக் டேஞ்சர்ஃபீல்ட் 2015இல் அடிலெய்டிலிருந்து ஜிலாங் வந்தார். முதல் சீசனிலேயே பிரௌன்லோ மெடல், அதாவது லீக்கின் சிறந்த பிளேயர் விருது. அதே சமயம் ஊர் ஆசை மட்டும் போதாது. ஜாக் ஸ்டீவன் லார்ன் பக்கத்து ஆள். 2019 முடிவில் செயின்ட் கில்டாவிலிருந்து ஜிலாங் வந்தும் ஒரு சீசனோடு ஆட்டம் முடிந்துவிட்டது. மனநலத்தோடு போராடிக்கொண்டிருந்தவர் அவர். ஊர் மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அடுத்தவர் கணக்குப் போடுவது நியாயமும் இல்லை.

நான் பயப்படுவது, உங்கள் கிளப் ஒரு மாநிலத்தில் இருந்து, வருகிறவர் வேறு மாநிலத்துக்காரராக இருந்து, வயதும் இருபத்திரண்டுக்குள் இருந்தால். ஜேசன் ஹார்ன்-ஃபிரான்சிஸ் 2021 டிராஃப்டின் முதல் பிக். தெற்கு ஆஸ்திரேலியப் பையன். நார்த் மெல்பர்னில் ஒரே ஒரு சீசன் ஆடிவிட்டு போர்ட் அடிலெய்டு போய்விட்டார். முதல் பிக்குக்கே இந்தக் கதை. ஆனால் சற்று வயது கூடி, தன் வாழ்க்கையைத் தானே யோசித்து மாநிலம் மாறுகிறவர் வேறு ரகம். லாக்கி நீல் 2018இல் ஃபிரிமான்டிலை விட்டு பிரிஸ்பேன் வந்தார். சொந்த ஊர் இரண்டும் இல்லை. பிரிஸ்பேனில் இரண்டு பிரௌன்லோ, 2020இலும் 2023இலும்.

அவர் நிற்க இடம் இருக்கிறதா?

இதை ரசிகர்கள் யாரும் கேட்பதில்லை. கிளப்புகளே சில சமயம் கேட்பதில்லை. 2022 கடைசியில் மெல்பர்ன் கிளப், காலிங்வுட்டிலிருந்து பிராடி கிரண்டியை எடுத்தது. கிரண்டி நல்ல ரக். நடுவில் எழும்பும் பந்தை எகிறித் தட்டிவிடுகிற வேலை. ஆனால் மெல்பர்னில் அந்த வேலைக்கு ஏற்கெனவே மேக்ஸ் கான் இருந்தார், அப்போது அவர்தான் கேப்டனும். இருவரையும் ஒரே அணியில் ஆடவைக்கப் பார்த்தார்கள், சரிவரவில்லை. கிரண்டி ரிசர்வ் அணிக்குப் போனார், ஒரே சீசனில் சிட்னிக்குக் கிளம்பினார். சிட்னியில் ரக் இடம் அவருக்கே. 2024 கிராண்ட் ஃபைனலில் ஆடினார். ஆள் மாறவில்லை, இடம்தான் மாறியது.

ஆகவே ஒரு தாளில் உங்கள் அணியின் அடுத்த வருட 23 பேரை எழுதுங்கள். புதியவர் வந்தால் யார் பெயரை அடிப்பீர்கள்? அடிக்கிற பெயர் இருபது வயதுப் பையனுடையது என்றால், அவனும் அடுத்த அக்டோபரில் டிரேடு கேட்பான். அந்த இழப்பையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கிளப் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

இதில்தான் எனக்கும் என் அக்கா மகனுக்கும் தீராத வாக்குவாதம். 2007இல் கார்ல்டன் கிறிஸ் ஜட்டை எடுத்ததை அவன் ஏ.எஃப்.எல். வரலாற்றின் பெரிய டிரேடு என்பான். ஜட் பெரிய ஆள்தான். வெஸ்ட் கோஸ்டில் 2006 கோப்பை வாங்கிய கேப்டன். கார்ல்டன் வந்து 2010இல் பிரௌன்லோ. ஆனால் அப்போது கார்ல்டன் அடித்தட்டில் கிடந்தது. அவருக்காக அவர்கள் கொடுத்தது டிராஃப்டின் மூன்றாவது பிக், 20ஆவது பிக், கூடவே ஜோஷ் கென்னடி என்ற 20 வயது ஃபார்வர்டு. கென்னடி அப்புறம் வெஸ்ட் கோஸ்டுக்காக எழுநூறு கோல்களுக்கு மேல் அடித்தார், 2018 கோப்பையும் வாங்கினார். ஜட் இருந்த காலத்தில் கார்ல்டன் கிராண்ட் ஃபைனலையே எட்டவில்லை. "ஜட் வந்ததால்தானே கூட்டம் வந்தது, நம்பிக்கை வந்தது" என்பான் அவன். அதுவும் உண்மைதான். கோப்பைக் கணக்கு வேறு.

மறுபுறம் ரிச்மண்ட். 2017இல் கோப்பை வாங்கிய அணி, 2018 முடிவில் டாம் லிஞ்சை ஃப்ரீ ஏஜென்டாக எடுத்தது. 2019, 2020 இரண்டும் கோப்பை. கட்டி முடித்த அணிக்கு ஒரு ஆள்தான் குறை என்றால் தாராளமாக எடுங்கள். எட்டு ஆள் குறை என்றால் பிக்கைக் கையில் வையுங்கள்.

இன்னொரு சங்கதி: உங்கள் கிளப்புக்கு தந்தை-மகன் விதியில் (கிளப்பின் பழைய பிளேயர் மகனை டிராஃப்டில் எடுக்க அதே கிளப்புக்கு முன்னுரிமை) வரப்போகிற பையன் யாராவது இருக்கிறானா என்று பாருங்கள். இருந்தால், வேறு கிளப் அவனைக் கேட்டதும் உங்கள் முதல் சுற்று பிக் எப்படியும் கரைந்துபோகும். அதற்கு முன் அதை டிரேடில் மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம். 2022இல் பிரிஸ்பேன், வில் ஆஷ்கிராஃப்ட், ஜாஸ்பா ஃப்ளெட்சர் என்று இரண்டு தந்தை-மகன் பையன்களை எடுத்த அதே மாதங்களில் புல்டாக்ஸிலிருந்து ஜாஷ் டங்க்லியையும் எடுத்துவிட்டது. மூவரும் 2024 கிராண்ட் ஃபைனலில் ஆடினார்கள்.

எத்தனை வருடம்?

தொகையை விட ஆண்டுகள்தான் கிளப்பைக் கட்டிப்போடும். லான்ஸ் ஃபிராங்க்ளின் 2013இல் ஹாதார்னை விட்டு சிட்னி போனபோது 9 வருட ஒப்பந்தம், சுமார் ஒரு கோடி டாலர். 2014, 2016, 2022 என மூன்று கிராண்ட் ஃபைனல், மூன்றும் தோல்வி. 2020 சீசன் முழுவதும் அவர் ஆடவே இல்லை. ஆனால் 2022இல் ஆயிரமாவது கோலை அடித்தபோது சிட்னி மைதானத்துக்குள் கூட்டம் பாய்ந்ததைப் பார்த்தவர் யாரும் அதை நஷ்டம் என்று சொல்ல மாட்டார்.

டாம் பாய்ட் கதை இன்னும் விசித்திரம். 2013 டிராஃப்டின் முதல் பிக். ஒரே வருடத்தில் புல்டாக்ஸ் தன் கேப்டன் ரயன் கிரிஃபனையும் ஆறாவது பிக்கையும் கொடுத்து அவரை எடுத்து, 7 வருட ஒப்பந்தம் போட்டது. 2019இல், 23 வயதில், பாக்கிச் சம்பளத்தையும் விட்டுவிட்டு ஓய்வு பெற்றார். தோல்வியா? 2016 கிராண்ட் ஃபைனலில் மூன்று கோல் அடித்தவர் அவர். புல்டாக்ஸுக்கு 1954க்குப் பிறகு வந்த முதல் கோப்பை அது. அந்த ஊர்க்காரர்களிடம் போய் அந்த டிரேடு வீண் என்று சொல்லிப் பாருங்கள். இருந்தாலும் என் விதி: முப்பதைத் தாண்டிப் போகும் ஒப்பந்தமானால், கடைசி இரண்டு வருடச் சம்பளம் ஆடாத ஆளுக்குப் போகிறது என்று வைத்தே கூட்டிப் பாருங்கள். அப்போதும் கட்டுப்படியானால் சரி.

காயம் பற்றி ரசிகர்களால் அதிகம் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் முழங்கால் அறுவைச் சிகிச்சை என்ற சொல்லைக் கேட்டதும் ஓடவும் வேண்டாம். பெய்லி ஸ்மித் 2024 முழுக்க ஆடாமல் இருந்த நிலையில் ஜிலாங் அவரை எடுத்தது; 2025இல் ஆல்-ஆஸ்திரேலியன், அதாவது அந்த சீசனின் சிறந்த பிளேயர்கள் அணியில் இடம்.

கடைசியாக, ஆளைப் பாருங்கள்

டிவியில் பார்த்தால் போதாது. கேமரா பந்தோடு போகும். நமக்கு வேண்டியது பந்து இல்லாதபோது அவர் என்ன செய்கிறார் என்பது. அவருடைய இப்போதைய அணி மெல்பர்னின் எம்.சி.ஜி. மைதானத்தில் ஆடும்போது கோல் கம்பத்துக்குப் பின்னால் மேல் தளத்தில் உட்காருங்கள். நல்ல இடமாகத் தோன்றாது, ஆனால் மைதானம் முழுக்க அங்கிருந்துதான் தெரியும். ஒரு குவார்ட்டர் முழுக்க அவர் ஒருவரையே பாருங்கள். ஸ்கோர்போர்டைக் கூடப் பார்க்காதீர்கள்.

மூன்றாவது குவார்ட்டர் நல்லது. அவருடைய அணி ஐந்தாறு கோல் பின்தங்கியிருந்தால் இன்னும் நல்லது. நடுவில் பந்து பறிபோனதும் அவர் எந்தப் பக்கம் திரும்புகிறார்? தலையைத் தொங்கப்போட்டு நடக்கிறாரா, தன் ஆளை விரட்டிக்கொண்டு பின்னால் ஓடுகிறாரா? உயரத்தில் பிடிக்கப்போய்த் தவறவிட்ட பந்து தரையில் உருளும்போது இரண்டாவது முறை பாய்கிறாரா, அம்பயரைப் பார்த்துக் கையை விரிக்கிறாரா? மாற்று வீரராக வெளியே வந்ததும் பெஞ்சில் பக்கத்துப் பையனிடம் கையை நீட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தால் எனக்கு அவரைப் பிடித்துவிடும். கிளம்பப்போகிற கிளப்புக்காகவே இவ்வளவு ஓடுகிறவர் உங்களுக்காக எவ்வளவு ஓடுவார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கோச்சோடு சண்டை என்ற வதந்தி உள்ளவரை எடைபோட எனக்கு இதைவிட நல்ல வழி தெரியாது.

இதெல்லாம் முடிந்ததும், செப்டம்பரிலேயே, ஒரு விலையைத் தேதி போட்டு எழுதிவையுங்கள்: இந்த பிக், அதிகபட்சம் இத்தனை வருடம், அதற்கு மேல் வேண்டாம். டிரேடு பீரியடின் கடைசி நாளில் எல்லாருக்கும் விலை ஏறும். எதிர்கால முதல் சுற்று பிக்கையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்று நீங்களே கத்த ஆரம்பிப்பீர்கள். அப்போது அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். டிரேடு நடக்காமல் போனாலும் தாளைக் கிழிக்க வேண்டாம். டங்க்லி 2020இல் எசண்டன் போகக் கேட்டார், புல்டாக்ஸ் மறுத்தது, அடுத்த வருடமே அவர்களுக்காகக் கிராண்ட் ஃபைனல் ஆடினார். பிரிஸ்பேன் போனது அதற்கும் பிறகு. தாளின் கீழே அவருடைய ஒப்பந்தம் முடியும் ஆண்டையும் குறித்துவிடுங்கள்.