கடன் கொப்பியில இருந்து கிளாஸ் டயகிராம்

வந்தாறுமூலைக் கம்பஸிலயோ ஒலுவில் கம்பஸிலயோ மென்பொருள் மாதிரியாக்கம் படிப்பிக்கிற ஆக்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. மென்பொருளைப் படமாக் கீறிக் காட்டுற பொது முறையான யூஎம்எல்லில 14 வகை வரைபடம் இருக்குதான். எல்லாத்தையும் முதல் கிழமையே கீறிக் காட்ட வேணாம். தயிர்க் கடைக் கடன் கொப்பியில ஒரு பக்கத்தைப் பேரை மறைச்சு ஃபோட்டோ கொப்பி எடுத்துக் குடுங்க.

"டீச்சர்: 2 சட்டி, வெறுஞ்சட்டி 1 வந்திட்டு, மிச்சம் சம்பளத்துக்கு."

இந்த ஒரு வரிக்கு நாலு பேர் சேர்ந்து பென்சிலால கிளாஸ் டயகிராம் (என்னென்ன வகைப் பொருள் இருக்கு, அதுகளுக்குள்ள என்ன தொடர்பு எண்டு பெட்டியும் கோடுமாக் காட்டுற படம்) கீறட்டும். 'மிச்சம்' எண்டதையும் சிலர் தனிக் கிளாஸாப் போடுவாங்க. கணக்குப் போட்டு எடுக்கிற பெறுமானம் அது, தனிக் கிளாஸ் தேவையில்ல. உடனே திருத்தாதீங்க. படத்தை அடுத்த குழுவுக்கிட்டக் குடுங்க, விளக்கம் சொல்லக் கூடாது. அவங்க படத்தை மட்டும் பார்த்து அதே கொப்பி வரியைத் திருப்பி எழுத வேணும். திரும்பி வந்த வெறுஞ்சட்டியை எங்க எழுதுறது எண்டு முழிக்கும்போதுதான் விடுபட்ட தொடர்பு கீறின ஆக்களுக்கே தெரியும்.

கணினி அதுக்குப் பிறகு போதும். முதல்லயே திறந்தா பெட்டிக்கு நிறம் அடிக்கிறதிலயே பாடம் முடிஞ்சிரும். பிளான்ட்யூஎம்எல் எண்ட மென்பொருள் இலவசம், எழுத்தா அடிச்சாப் படத்தை அதுவே கீறித் தரும்.