மின்சாரம் போவதற்குள் வட்டு மாற்றலாம்

ரங்கூன் மொகல் தெருவில் பெரியப்பா நடத்தும் கடையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தால், விண்டோஸ் எழுந்து வருவதற்குள் டீ ஆறிவிடும். புதிதாக விண்டோஸ் போடலாம் என்றேன்; பெரியப்பா தலையை ஆட்டி மறுத்துவிட்டார். 2019 அக்டோபரில் நாடு யூனிகோடு எழுத்துமுறைக்கு மாறுவதற்கு முன் ஜோஜி என்ற பழைய எழுத்துருவில் அடித்த பர்மிய பில்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அந்த எழுத்துரு, விசைப்பலகை, கணக்கு மென்பொருள் மூன்றையும் திரும்ப அமைப்பது ஒரு வாரத் தலைவலி. அதனால் பழைய ஹார்டு டிஸ்க்கில் உள்ளதை அப்படியே எஸ்எஸ்டி என்ற வேகமான புதிய வட்டுக்குக் குடிபெயர்த்தோம்.

தேவையானவை: எஸ்எஸ்டி, அதை வெளியிலிருந்து இணைக்க ஒரு சாட்டா–யூஎஸ்பி வடம், ஒரு பென் டிரைவ். எஸ்எஸ்டியின் அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எங்கள் பழைய வட்டு 500 ஜிபி. அதில் நிரம்பியிருந்தது 180 தான். 480 ஜிபி போதுமே என்றார் விற்றவர். ஆனால் வட்டை நகலெடுக்கும் மென்பொருளான குளோன்ஸில்லா பார்ப்பது வட்டின் மொத்த அளவை. புதியது சிறியதாக இருந்தால் அப்படியே நகலெடுக்காது. 512 வாங்கினோம்.

முதலில், இழக்கக் கூடாத கோப்புகளை வேறொரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். பிட்லாக்கர் என்ற விண்டோஸின் வட்டுப் பூட்டைப் போட்டிருந்தால் நீக்கிவிடுங்கள். பிறகு ஷிஃப்ட் விசையை அழுத்தியபடியே கணினியை அணையுங்கள். சாதாரணமாக அணைத்தால் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். அந்த நிலையில் நகலெடுப்பது சரிப்படாது.

இன்னொரு கணினியில் குளோன்ஸில்லாவைத் தரவிறக்கி, ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் பென் டிரைவில் எழுதுங்கள். அதிலிருந்து மடிக்கணினியைத் தொடங்குங்கள். பல கணினிகளில் எஃப்12 விசை அதற்கான பட்டியலைக் காட்டும்.

மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று பார்த்துக்கொண்டு இனி உட்காருங்கள். வடத்தை நீல நிற யூஎஸ்பி 3 துளையில் செருகினால் 180 ஜிபிக்கு முக்கால் மணி நேரம் போதும். பழைய யூஎஸ்பி 2 துளை என்றால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். மடிக்கணினியின் பேட்டரி செத்திருந்தால் இன்வெர்ட்டர் இல்லாமல் இறங்காதீர்கள். இடையில் நின்றாலும் பழைய வட்டிலிருந்து படிக்க மட்டுமே செய்வதால் அதிலுள்ள தரவு மாறாது. ஆனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பட்டியலில் 'டிவைஸ்-டிவைஸ்', அடுத்து 'பிகினர்', பிறகு வட்டிலிருந்து உள்ளூர் வட்டுக்கு என்ற வரி. முதலில் கேட்பது மூல வட்டு, இரண்டாவது இலக்கு. இங்கேதான் நான் கையை இழுத்துக்கொண்டேன். எஸ்டிஏ, எஸ்டிபி என்று வட்டுகளுக்கு அது காட்டும் பெயர்களை மட்டும் பார்த்து அம்புக்குறியை நகர்த்தினேன். பக்கத்தில் 512 என்று கண்ணில் பட்டது. காலி வட்டை மூலமாகக் கொடுக்க இருந்தேன்! பெயரை நம்பாதீர்கள், அளவையும் தயாரிப்புப் பெயரையும் படியுங்கள். இலக்கில் உள்ளது முழுக்க அழியும் என்று எச்சரித்து, ஒன்றுக்கு மேற்பட்ட முறை 'ஒய்' தட்டச் சொல்லும். ஒவ்வொரு முறையும் திசையைப் பார்த்துவிட்டுத் தட்டுங்கள்.

முடிந்ததும் அணைத்து, மின்வடத்தையும், கழற்ற முடிந்தால் பேட்டரியையும் எடுத்துவிட்டு அடிமூடியைத் திறங்கள். திருகாணிகளை ஒரு பாட்டில் மூடியில் போட்டு வையுங்கள். மேசையில் வைத்தால் ஒன்றாவது உருண்டு ஓடும். பழைய வட்டை எடுத்து, அதைச் சுற்றியுள்ள தகரச் சட்டத்தைப் புதியதற்கு மாட்டி, அதே இடத்தில் பொருத்துங்கள்.

முதல் முறை தொடங்கும்போது பழைய வட்டை இணைக்காதீர்கள். இரண்டும் ஒரே அடையாளத்தோடு இருப்பதால் விண்டோஸ் குழம்பும். பழையதைவிடப் புதிய வட்டில் கூடுதலாக உள்ள சுமார் 12 ஜிபி காலி இடத்துக்காக நாங்கள் மெனக்கெடவில்லை.

பழைய வட்டை ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருங்கள். பெரியப்பா அதைத் துணியில் சுற்றி, நாள் எழுதிய சீட்டோடு கல்லாப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்.