உலக வணிகச் சட்டம்: மூல ஆவணங்களைப் பிடித்த வழி

நாடுகளுக்கு இடையிலான வணிகத்துக்கு விதி வகுக்கும் காட் (GATT) ஒப்பந்தத்தின் 20-வது பிரிவு, அதாவது பொது விதிவிலக்குகள் பற்றி எழுத வேண்டியிருந்தது. கூகுளில் தேடினால் கருத்துக் கட்டுரைகள்தான் குவிந்தன. மூல ஆவணம் சிக்கவில்லை.

கைகொடுத்தது உலக வணிக அமைப்பின் 'அனலிட்டிகல் இண்டெக்ஸ்'. ஒவ்வொரு பிரிவுக்கும் எந்த வழக்கில் என்ன விளக்கம் தந்தார்கள் என்று பத்தி எண்ணோடு காட்டுகிறது. இணையத்தில் இலவசம். பாடப்புத்தகத்தைத் தொடும் முன்பே இதைத் திறக்கலாம் என்பேன்.

அப்புறம் வழக்கு எண். அமெரிக்காவின் இறால் இறக்குமதித் தடை வழக்கு டிஎஸ்58. அந்த எண்ணை அமைப்பின் ஆவணத் தளத்தில் போட்டால் அறிக்கைகள் வந்துவிடும். குறியீடு வெறும் 'ஆர்' என்று முடிந்தால் விசாரணைக் குழுவின் அறிக்கை. 'ஏபி/ஆர்' என்றால் மேல்முறையீட்டு அறிக்கை. இரண்டையும் சேர்த்துப் படிக்காவிட்டால் வம்பு. இறால் வழக்கில் தடை செல்லாது என்ற முடிவு நின்றது, ஆனால் அதற்குக் குழு சொன்ன காரணத்தை மேல்முறையீட்டில் ஏற்கவில்லை. இன்னொன்று, 2019 டிசம்பர் முதல் மேல்முறையீட்டு அமைப்பு முடங்கியிருப்பதால், புதிய அறிக்கைகள் சில மேல்முறையீட்டிலேயே தொங்குகின்றன. வழக்கின் தற்போதைய நிலையைப் பார்க்காமல் மேற்கோள் காட்டக் கூடாது.

1995-க்கு முந்தைய காட் ஆவணங்கள் பல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மின்நூலகத்தில் உள்ளன. தேடல் கொஞ்சம் மெதுவாகத்தான் நகரும்.