வீட்டைக் கம்ப்யூட்டரில் கட்டிப் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் நாகர்கோவிலில் இரண்டு இளம் பொறியாளர்கள், மாடி எடுக்கப்போகும் ஒரு வீட்டின் எனர்ஜி மாடலைக் காட்டினார்கள்; அதாவது வீடு எவ்வளவு சூடாகும், எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று கம்ப்யூட்டரில் போட்ட கணக்கு. கலர் கலராக வரைபடம். தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஆடிய அதே கூத்து! சுவர்த் தடிமன், அலகுக் குழப்பம் எல்லாம் வேறு கதை, அவற்றை விடுகிறேன்.

மதுரை வெயிலை இங்கே கொண்டுவருவது

இந்தக் கணக்கைப் போடும் எனர்ஜிபிளஸ் மென்பொருள் இலவசம். ஆனால் அதற்கு ஒவ்வொரு மணி நேரத்துக்குமான வானிலைக் கோப்பு வேண்டும். தமிழ்நாடு என்று தேடி மதுரையை எடுத்துவிடுகிறார்கள். அது வறண்ட ஊர். நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, போதாததற்குப் புழுக்கம். 1956-ல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும் நம் வானிலை இன்னும் திருவனந்தபுரத்தோடுதான் இருக்கிறது. அந்தக் கோப்பை எடுங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கத்து வீடென்றால் காற்றை மட்டும் தனியாகத் திருத்துங்கள்; கணவாய்க் காற்று திருவனந்தபுரத்தில் ஏது?

கரண்ட் பில்லைப் பார்க்காமல் மாடலை நம்புவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. தக்கலைப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பழைய ஓட்டு வீட்டை ஒட்டி கான்கிரீட் அறைகள் எடுத்திருந்தார். வெக்கை தாங்கவில்லை, சரிசெய்து தா என்றார். நான் மாடல் போட்டேன். மென்பொருள் தானாகக் கொடுத்த அட்டவணையை அப்படியே விட்டுவிட்டேன்: எல்லா அறையிலும் ஏசி, நாள் முழுக்க 24 டிகிரி. இரண்டு மாதத்துக்கு 1,900 யூனிட் என்று வந்தது. சுவருக்கு உள்பக்கம் வெப்பத்தடுப்புப் பலகை அடித்தால் பெரிய மிச்சம் என்றும் காட்டியது. அவரும் சேர்த்து வைத்த பணத்தைப் போட்டு அடித்தார்.

ஏப்ரலில் போனபோது கேட்டார்: "தம்பி, உன் கம்ப்யூட்டரா இங்க படுக்கு? நான் வராந்தாவுலதான் படுக்கேன்."

அப்புறம்தான் ஈபி அட்டையை வாங்கிப் பார்த்தேன். பலகை அடிப்பதற்கு முன்பே இரண்டு மாதத்துக்கு 420 யூனிட்தான்! ஏசி ஒரே அறையில், இரவு பத்திலிருந்து விடிகாலை வரை. மற்ற நேரமெல்லாம் ஜன்னல் திறந்திருக்கும், ஃபேன் ஓடும். அப்படி வாழ்பவர் வீட்டில் சுவர்ப் பலகைக்கு வேலையே இல்லை. பகலெல்லாம் வெயில் குடித்த கூரை ராத்திரி அதைக் கக்கிக்கொண்டிருந்தது. வீடுகளுக்கான மத்திய அரசின் எரிசக்தி விதித்தொகுப்பான எக்கோ நிவாஸ் சம்ஹிதா 2018, கூரையின் யூ மதிப்புக்கு (வெப்பத்தை எவ்வளவு உள்ளே விடுகிறது என்ற அளவு, குறைந்தால் நல்லது) 1.2 என்று எல்லை வைக்கிறது. வெறும் கான்கிரீட் கூரை 3-ஐத் தாண்டும். பணம் மேலே போயிருக்க வேண்டும், தடுப்புக்கும் அதன்மேல் வெள்ளைப் பூச்சுக்கும்.

அரை மணி நேர வேலை, ஐயா! அட்டையைப் பார்த்திருந்தால் 1,900 அன்றைக்கே பல்லிளித்திருக்கும். இப்போதெல்லாம் ஒரு வருடத்தின் ஆறு ரீடிங்கையும் வாங்காமல், இரண்டு அறையில் ஒரு வாரம் வெப்பமானி தொங்கவிடாமல் மென்பொருளைத் திறப்பதில்லை. இருக்கிற வீட்டையே சரியாகச் சொல்லாத மாடல், எடுக்கப்போகும் மாடியைப் பற்றி என்ன சொல்லும்?

வடக்கு ஜன்னலுக்கு சன்ஷேடு வேண்டாம் என்பது

வேண்டும். நாம் 8 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறோம். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வெயில் வடக்கிலிருந்துதான்.

ஜன்னல் முழுக்கத் திறந்திருக்கும் என்று போடுவது

கொசுவலையையும் ஜூன் சாரலையும் மறந்துவிட்டீர்கள்.

கரண்டை மட்டும் கணக்குப் பார்ப்பது

நம் நாட்டு மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. ஒரு மூட்டை சிமென்ட் தயாரிக்கச் சுமார் 30 கிலோ. மாடிக்கு 200 மூட்டை என்றால் ஆறாயிரம் கிலோ; எட்டாயிரம் யூனிட் கரண்டுக்கு மேல். அந்த ஆசிரியர் வீட்டின் மூன்று வருடக் கரண்ட் அது, கம்பியையும் செங்கலையும் சேர்க்காமலே. அயனி மரக் கழுக்கோல் (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரங்கள்) உறுதியாக இருக்கும் ஓட்டுக் கூரையைப் பிரித்துவிட்டு கான்கிரீட் போடலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் முதலில் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுகிறேன். பாதிப் பேர் ஓடுகளை மட்டும் மாற்றிக்கொண்டு அதோடு விட்டுவிடுகிறார்கள்.