பாஸ்தா வேகும் நேரத்துக்குள் சாஸ்: வேலைநாள் இரவுக்கான இத்தாலியச் சமையல்

இத்தாலியச் சமையல் என்றதும் மணிக்கணக்கில் கொதிக்கும் இறைச்சி சாஸும் அடுக்கடுக்கான லசான்யாவும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைச் சமையல். ரோமிலும் நேப்பிள்ஸிலும் வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு மேல் வீடு திரும்புகிறவர்கள் ஒரு அடுப்பில் தண்ணீரை வைத்து, பக்கத்து அடுப்பில் வாணலியை வைப்பார்கள். தண்ணீர் கொதித்து பாஸ்தா வேகிற இருபத்தைந்து நிமிடத்துக்குள் சாஸும் தயாராகிவிடும்.

இந்தச் சமையலில் நாலைந்து பொருள்களுக்கு மேல் சேராது. ஒன்றில் குறை இருந்தால் மூடி மறைக்க மசாலாவும் கிடையாது. அதனால் பொருளும் பக்குவமும் சரியாக இருக்க வேண்டும். பக்குவத்தில் முக்கால்வாசி, பாஸ்தா வெந்த தண்ணீரைப் பயன்படுத்தத் தெரிவதுதான். நாம் சோறு வடித்த கஞ்சியைப் போலவே அதிலும் மாவுச்சத்து இறங்கியிருக்கும். எண்ணெயையும் சீஸையும் தக்காளியையும் பாஸ்தாவோடு பிரியாமல் சேர்த்துப் பிடிப்பது அந்த மாவுச்சத்து. அதைச் சிங்க்கில் கொட்டிவிட்டு, சாஸ் ஏன் தட்டின் அடியில் தனியாக நிற்கிறது என்று யோசிப்பதில் பயனில்லை.

கீழே உள்ள அளவுகள் எல்லாம் இரண்டு பேருக்கு.

வாங்கும்போது

பாஸ்தா பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். துரம் என்னும் கடினவகைக் கோதுமையின் ரவையும் தண்ணீரும் மட்டும் இருந்தால் நல்லது. இத்தாலியில் உலர் பாஸ்தாவைத் துரம் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று 1967-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். மைதாவோ சாதாரணக் கோதுமையோ கலந்த பாஸ்தா ஒரு நிமிடம் கூடுதலாக வெந்தாலே குழைந்துவிடும். வாணலியில் போட்டுக் கிளறினால் உடையும். வெண்கல அச்சில் பிழிந்தது என்று போட்டிருந்தால் கொஞ்சம் விலை கூட இருந்தாலும் வாங்கலாம். அதன் மேற்பரப்பு சொரசொரப்பாக இருப்பதால் சாஸ் பிடிக்கும், தண்ணீரிலும் மாவுச்சத்து அதிகம் இறங்கும். வழவழவென்று மினுங்கும் பாஸ்தாவில் சாஸ் வழுக்கிக்கொண்டு ஓடும்.

ஆலிவ் எண்ணெயில் எக்ஸ்ட்ரா வர்ஜின். சீஸைக் கட்டியாக வாங்கி, சமைக்கும்போது துருவுங்கள். துருவி விற்பது ஒட்டாமல் இருப்பதற்காகச் செல்லுலோஸ் தூளோ மாவோ சேர்ப்பதுண்டு. அப்படிப்பட்ட சீஸ் சாஸில் சரியாக உருகாமல் மணல்மணலாக நிற்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் பாலைத் திரிய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரெனெட். பெக்கரீனோ ரொமானோவில் ஆட்டுக்குட்டியினுடையது. இந்தப் பெயர்களில் விற்கும் அசல் சீஸ் எதுவும் சைவம் ஆகாது. பச்சைப் புள்ளி போட்ட, நுண்ணுயிர் ரெனெட்டில் செய்த கெட்டி சீஸ் கிடைக்கும், அதை வாங்கலாம்.

தண்ணீரும் உப்பும்

நூறு கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பத்து கிராம் உப்பு. இதுதான் இத்தாலிய வீடுகளின் பழைய கணக்கு. லிட்டருக்குப் பத்து கிராம் என்ற உப்பு விகிதத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் குறைக்கலாம்: 200 கிராமுக்கு ஒன்றரை லிட்டர் போதும். சீக்கிரம் கொதிக்கும், மாவுச்சத்தும் அடர்த்தியாக இருக்கும். இதற்குத் தூள் உப்பு சமமட்டமாக இரண்டரை தேக்கரண்டி. பார்க்க அதிகம்போலத் தெரியும், ஆனால் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். தண்ணீரில் உப்பு போடாமல் பிறகு சாஸில் சேர்த்தால், சாஸ் கரிக்கும், பாஸ்தா சப்பென்று இருக்கும். சீஸ் நிறையப் போடும் நாளில் மட்டும் உப்பைப் பாதியாக்குங்கள்.

அவசரம் என்றால் பாதித் தண்ணீரை மின்கெட்டிலில் கொதிக்க வைத்து ஊற்றுங்கள். தண்ணீரில் எண்ணெய் ஊற்ற வேண்டாம். அது மேலே மிதக்குமே தவிர ஒட்டுவதைத் தடுக்காது. வடிக்கும்போது பாஸ்தாமேல் படிந்து சாஸை வேறு ஒட்டவிடாமல் செய்யும். ஒட்டாமல் இருக்க ஒரே வழி, போட்ட முதல் இரண்டு நிமிடம் கிளறிக்கொண்டே இருப்பது. மேல்மாவு பசையாகி ஒன்றோடொன்று ஒட்டுவது அந்த நேரத்தில்தான்.

பாக்கெட்டில் பத்து நிமிடம் என்று போட்டிருந்தால் எட்டாவது நிமிடத்தில் ஒரு இழையை எடுத்து நறுக்கிப் பாருங்கள். வெட்டிய முகத்தின் நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி தெரியும். அந்தப் புள்ளி இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். மிச்ச வேக்காடு வாணலியில், சாஸுக்குள். எடுப்பதற்கு முன் ஒரு பெரிய தம்ளர் தண்ணீரைத் தனியே மொண்டு வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்தாவைக் குழாய்த் தண்ணீரில் அலசவே கூடாது. இடுக்கியால் அப்படியே தூக்கி வாணலியில் போட்டால், ஒட்டியிருக்கும் தண்ணீரும் கூடவே வரும்.

பூண்டு, எண்ணெய், மிளகாய்

ஆல்யோ எ ஓலியோ என்று இத்தாலியர்கள் சொல்வது. நள்ளிரவில் நண்பர்கள் கூடிவிட்டால் செய்வதும் இதைத்தான். முதலில் பழக வேண்டியதும் இதுதான், ஏனென்றால் பாஸ்தாத் தண்ணீர் என்ன செய்கிறது என்பதை இதில் கண்ணால் பார்க்கலாம்.

ஸ்பகெட்டி 200 கிராம், ஆலிவ் எண்ணெய் நான்கு மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் இரண்டு. பூண்டு நம் ஊர்ச் சிறுபல் என்றால் எட்டு, பெரிய பல் என்றால் மூன்று. கையளவு பார்ஸ்லி இலை. பூண்டை நசுக்காமல் மெல்லிய வில்லைகளாக நறுக்குங்கள். நசுக்கினால் ஓரங்கள் சீக்கிரம் கருகும்.

எண்ணெய் காயும்வரை காத்திருக்க வேண்டாம். ஆறிய எண்ணெயிலேயே பூண்டைப் போட்டு அடுப்பைச் சிம்மில் வையுங்கள். நான்கைந்து நிமிடத்தில் வில்லையின் ஓரம் வைக்கோல் நிறத்துக்கு வரும். உடனே கிள்ளிய மிளகாயைப் போட்டு அடுப்பை அணைத்துவிடுங்கள், அணைத்த பிறகும் நிறம் ஏறிக்கொண்டே போகும். பழுப்பாகிவிட்டால் கசப்பு எண்ணெய் முழுக்க இறங்கிவிடும். அதைச் சரிசெய்ய வழியில்லை, கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதுதான் மிச்சம்.

பாஸ்தா தயாராவதற்கு ஒரு நிமிடம் முன் அந்த எண்ணெயில் ஒரு கரண்டி பாஸ்தாத் தண்ணீரை ஊற்றி, அடுப்பைக் கூட்டிக் கொதிக்க விடுங்கள். சடசடவென்று தெறிக்கும், தள்ளி நில்லுங்கள். பாஸ்தாவைப் போட்டு இன்னும் அரைக்கரண்டி தண்ணீர் விட்டு, ஒன்றரை நிமிடம் விடாமல் சுழற்றிக் கிளறுங்கள். தெளிவாக இருந்த எண்ணெய் கலங்கி, பால்கலந்த நிறத்தில் கெட்டியாகி இழைகளில் ஒட்டும். அதுதான் பதம், பார்ஸ்லியை நறுக்கித் தூவி இறக்குங்கள். தட்டில் எண்ணெய் தேங்கினால் தண்ணீரோ கிளறலோ போதவில்லை. ஒரு கரண்டி தண்ணீர் விட்டு மறுபடி சுழற்றினால் சரியாகிவிடும்.

இதற்குச் சீஸ் போடுவது மரபில்லை. தெற்கே, சிசிலியிலும் கலாப்ரியாவிலும், பழைய ரொட்டியை உதிர்த்து எண்ணெயில் மொறுமொறுப்பாக வறுத்து மேலே தூவுவார்கள். சீஸைவிட இது இந்தப் பாஸ்தாவுக்குப் பொருத்தம்.

தக்காளி

முழுத் தக்காளி அடைத்த 400 கிராம் டின் ஒன்று, எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, லேசாகத் தட்டிய பூண்டு இரண்டு பல், உப்பு. பூண்டை எண்ணெயில் மணம் வரும்வரை வதக்கி, தக்காளியைக் கையால் பிசைந்து போட்டு, அகலமான வாணலியில் மூடாமல் பன்னிரண்டு நிமிடம் கொதிக்கவிட்டால் முடிந்தது. ஆழமான பாத்திரத்தில் வைத்தால் தண்ணீர் வற்ற இரட்டிப்பு நேரம் ஆகும். கரண்டியால் கோடு இழுத்தால் அடி தெரிந்து மெதுவாக மூட வேண்டும்.

பச்சைத் தக்காளியை வாங்காமல், நன்கு சிவந்து பழுத்ததாக அரைக்கிலோ எடுத்து, கொதிநீரில் அரை நிமிடம் போட்டுத் தோலுரித்தும் செய்யலாம். நாட்டுத் தக்காளியில் புளிப்பு தூக்கலாக இருக்கும். இரண்டு சிட்டிகைச் சர்க்கரையோ, கூடவே வேகவைத்துப் பிறகு எடுத்துவிடும் ஒரு துண்டு கேரட்டோ அதைத் தணிக்கும்.

சாஸுக்கு மணம் தரப் போடும் பேசில் இலை கிடைக்காவிட்டால் துளசி போட வேண்டாம், மணம் வேறு. பேசில் இனத்தைச் சேர்ந்தது நம் திருநீற்றுப்பச்சிலை. மணம் காட்டமாக இருக்கும் என்பதால் மூன்று இலை போதும், அதுவும் அடுப்பை அணைத்த பிறகு.

நேரம் இல்லாதவர்களுக்கு இந்தச் சாஸ்தான் பெரிய துணை. விடுமுறை நாளில் மூன்று டின்னை ஒன்றாகச் செய்து, இரண்டு பேர் அளவாகப் பிரித்து ஃப்ரீசரில் வைத்துக்கொண்டால், வாரநாளில் பாஸ்தா மட்டும் வேகவைத்தால் போதும்.

சீஸும் மிளகும்

ரோமின் காச்சோ எ பெப்பேயில் பாஸ்தா, பெக்கரீனோ, மிளகு தவிர வேறொன்றும் இல்லை. அதனாலேயே அதிகம் கெட்டுப்போவதும் இதுதான். சாஸ் வழவழவென்று வராமல், சீஸ் சுவிங்கம் மாதிரி திரண்டு கரண்டியில் ஒட்டிக்கொள்ளும். சூடு ஏறும்போது, ஏறக்குறைய 65 டிகிரியைத் தொட்டதும், சீஸின் புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதே காரணம். போதிய மாவுச்சத்து நடுவில் இருந்தால் அப்படிப் பின்னாது. இத்தாலிய இயற்பியலாளர்கள் சிலர் இதையே ஆராய்ந்து 2025-இல் கட்டுரை வெளியிட்டார்கள், அதே ஆண்டு அதற்கு, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் கிடைத்தது. சீஸின் எடையில் மாவுச்சத்து ஒரு சதவீதத்துக்குக் கீழே போனால் திரளும், 2 முதல் 3 சதவீதம் இருந்தால் சூட்டைத் தாங்கும் என்பது அவர்கள் கண்டது. வீட்டில் பாஸ்தாத் தண்ணீரை மட்டும் நம்பினால் அந்த அளவு வருமா என்பது பாஸ்தாவையும் தண்ணீரின் அளவையும் பொறுத்தது. ஆகவே கொஞ்சம் சோளமாவு (வெள்ளைக் கார்ன்ஃப்ளோர்) சேர்த்துவிடுவது நல்லது. ரோமின் பாட்டிமார் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் கை பழகும்வரை இதுவே பாதுகாப்பு.

சீஸ் 120 கிராமுக்குச் சோளமாவு 3 கிராம், அதாவது சமமட்டமாக ஒரு தேக்கரண்டி. இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீரில் கரைத்து, சிறு தீயில் பளபளக்கும் கூழாகும்வரை காய்ச்சுங்கள். நான்கு மேசைக்கரண்டி குளிர்ந்த தண்ணீர் ஊற்றி ஆறவைத்து, துருவிய சீஸோடு மிக்ஸியில் அடித்தால் தோசைமாவுப் பதத்தில் வரும். ஒன்றரை தேக்கரண்டி மிளகை வெறும் வாணலியில் வறுத்து ஒன்றிரண்டாகத் தட்டி, ஒரு கரண்டி பாஸ்தாத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவையுங்கள். பாஸ்தாவை அதில் போட்டுப் புரட்டி, அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் ஆவி அடங்கட்டும். பிறகுதான் சீஸ் விழுது. சேர்த்ததும் வேகமாகக் கிளறி, இறுகினால் வெதுவெதுப்பான பாஸ்தாத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விடுங்கள்.

கார்போனாராவுக்கும் இதே சூட்டு விதிதான். ஒரு முழு முட்டை, இரண்டு மஞ்சள்கரு, 50 கிராம் பெக்கரீனோ, நிறைய மிளகுத்தூள் எல்லாவற்றையும் அடித்து வைத்து, வறுத்த குவாஞ்சாலே என்னும் பன்றிக்கன்ன இறைச்சியோடு புரட்டிய பாஸ்தாமேல், அடுப்பை அணைத்த பிறகு ஊற்ற வேண்டும். அடுப்பு எரியும்போது ஊற்றினால் முட்டைப் பொரியல் ஆகிவிடும். கிரீம் தேவையில்லை.

கொண்டைக்கடலைப் பாஸ்தா

சீஸும் முட்டையும் வேண்டாம் என்றால் ரோமின் பாஸ்தா எ சேச்சி. ஒரே பாத்திரம், வடிக்கும் வேலையும் இல்லை. நசுக்கினால் மசியும் அளவுக்குக் குக்கரில் வெந்த வெள்ளைக் கொண்டைக்கடலை 300 கிராம். அதில் பாதியைக் கரண்டியால் மசித்துவிடுங்கள். மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் பூண்டையும் ஒரு கொத்து ரோஸ்மேரியையும் வதக்கி, ஒரு தக்காளியை மசித்துப் போட்டு, கடலையையும் 700 மி.லி. தண்ணீரையும் சேர்க்கவும். கடலை வெந்த தண்ணீரையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். கொதித்ததும் உப்பும் 120 கிராம் குட்டிப் பாஸ்தாவும் போட்டு வேகவிடுங்கள். மசித்த கடலை அடிபிடிக்கும், எனவே அடியோடு கிளற வேண்டும். கொஞ்சம் நீர்க்க இருக்கும்போதே இறக்கி ஐந்து நிமிடம் மூடி வைத்தால் தானாகக் கெட்டிப்படும். கெட்டியானபின் இறக்கினால் தட்டுக்கு வருவதற்குள் களியாகிவிடும்.

மீந்த பாஸ்தா

மறுநாள் சூடுபண்ணினால் பாஸ்தா குழைந்துபோகும். நேப்பிள்ஸில் அதை முட்டையில் கலந்து ஃப்ரிட்டாட்டா ஆக்குவார்கள். மீந்தது 250 கிராம் என்றால் மூன்று முட்டை, 30 கிராம் சீஸ், மிளகு, உப்பு. பாஸ்தாவைக் கத்தரியால் இரண்டு மூன்றாக வெட்டிக் கலந்து, எண்ணெய் தடவிய சிறிய ஒட்டாத வாணலியில் அமுக்கிப் பரப்பி, சிம்மில் ஏழெட்டு நிமிடம் விடுங்கள். வாணலியை அசைத்தால் முழுதாக நகர வேண்டும். நகராவிட்டால் அடி இன்னும் இறுகவில்லை, திருப்பினால் உடையும். மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துத் திருப்பி, மறுபக்கத்தையும் ஐந்து நிமிடம் சிவக்க விட்டு, முழுக்க ஆறிய பிறகு துண்டு போடுங்கள். மதியச் சாப்பாட்டு டப்பாவுக்குச் சூடுபண்ணாமலே எடுத்துப் போகலாம்.