மொட்டைமாடிக் கொட்டகையில் மரத்தளம்: பலகை விரிக்கும் முன் தரையைச் சீராக்குதல்

பெங்களூரு வீடுகளில் மொட்டைமாடியில் தகரக் கூரை போட்டு எழுப்பிய கொட்டகையைப் படிப்பறையாகவோ பட்டறையாகவோ மாற்ற விரும்புவோர், பலகை வாங்குவதற்கு முன் தரையை நன்கு பார்த்துக்கொள்ள வேண்டும். மழைநீர் வடிவதற்காக மாடித் தளத்துக்கு வாட்டம் கொடுத்திருப்பார்கள். 100 சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்பது வழக்கமான அளவு. இதை நிரப்பி நேராக்கிவிடலாம் என்று மேஸ்திரி சொன்னால் உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். ஒன்றோடொன்று கோத்து, தரையில் ஒட்டாமல் விரிக்கும் லேமினேட் பலகைக்கு ரசமட்டம் காட்டும் நேர்மட்டம் தேவையில்லை. மேடுபள்ளம் இல்லாத ஒரே தளமாக இருந்தால் போதும். 10 அடிக்கு 10 அடி அறையின் வாட்டத்தைக் கலவையால் நிரப்பினால் கூடும் எடை ஏறத்தாழ 280 கிலோ; பொறியாளரைக் கேட்காமல் அதைக் கூரைத்தளத்தின் மேல் ஏற்றக் கூடாது.

முதலில் ஈரத்தைச் சோதியுங்கள். ஒரு மீட்டர் சதுரப் பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி, 24 மணி நேரம் கழித்துத் திறந்து பாருங்கள். அடியில் நீர்த்துளிகள் இருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ, கசிவைக் கண்டுபிடித்து அடைக்கும் வரை பலகை வேலையைத் தொடங்கக் கூடாது. மார்ச் மாத வெயிலில் இந்தச் சோதனையில் தேறும் தரை ஜூலை மழையில் தேறாமல் போகலாம் என்பதால், நல்ல மழைக்குப் பின் ஒருமுறை செய்வதே நம்பகமானது.

பிறகு, வளைவில்லாத ஆறடி அலுமினியப் பட்டையைப் பல திசைகளில் தரையில் வைத்து, அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரியும் பள்ளங்களையும், பட்டை ஊசலாடும் மேடுகளையும் சாக்பீஸால் குறியுங்கள். மேடுகளை வைரச் சக்கரம் பூட்டிய கிரைண்டரால் தேய்க்கலாம். அப்போது எழும் சிலிக்கா தூசு நுரையீரலைக் கெடுக்கும். கைக்குட்டை அதற்குப் போதாது, என்95 முகக்கவசம் வேண்டும்.

பள்ளங்களில்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. சிமென்ட் பாலை மெல்லியதாகப் பூசினால் அது வெடித்துப் பெயர்ந்துவிடும். தானாகப் பரவிச் சமனாகும் கலவையும் இங்கே பொருந்தாது. அது நீரைப் போல நேர்மட்டத்தையே தேடும் ஆகையால், சரிவான தரையில் தாழ்ந்த பக்கம் போய்த் தேங்கும். கரணையால் பூசத்தக்க, பாலிமர் கலந்த ஒட்டுக்கலவையே ஏற்றது. தூசியை அகற்றி, அதற்குரிய பிரைமரைப் பூசி, பையில் அச்சிட்ட அளவு தண்ணீரை மட்டும் சேர்த்துக் குழைத்து, பள்ளத்தை நிரப்பி, அதே அலுமினியப் பட்டையால் இழுத்து வழியுங்கள். பிரைமரை விட்டுவிட்டால் காய்ந்த கான்கிரீட் தரை, கலவையின் நீரை உறிஞ்சிக்கொள்ளும், ஒட்டு கழன்றுவிடும்.

பலகைக்கு அடியில் போடும் ஃபோம் விரிப்பைப் பள்ளத்தில் இரண்டாக மடித்துப் போடுவது தீர்வாகாது. மிதிக்க மிதிக்கப் பலகையின் கோப்பு முறியும்.

கலவை முழுதும் காய்ந்தபின் குறியிட்ட இடங்களில் பட்டையை மீண்டும் வைத்துப் பாருங்கள். சீராக இருந்தால் பெருக்கித் துடைத்து, பாலித்தீன் தாளை ஓரங்கள் 20 சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு விரித்து, சுவரோரம் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு முதல் பலகையை வைக்கலாம்.